தக்கைக் கைப்பிடியும் அதன் நிறமும்

போத்தலின் வாயை அடைக்கும் தக்கையை அறியாதார் இலர். அதைப் பிடுங்கி எறிந்தபின் அதனைப் பற்றி மீண்டும் நினைப்பாரும் இலர். அதே தக்கையை வட்டவட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கடைந்து, தேய்த்து, ஒரு தூண்டிற்கோலின் கைப்பிடியாக அமைத்துவிட்டால் அதன் கதை வேறாகிவிடுகின்றது. தகப்பன் பிடித்த கைப்பிடியை மகன் பிடிக்கின்றான். கோலின் வார்னிஷ் உரிந்து போகலாம். நூற்கட்டுகள் அவிழ்ந்து போகலாம். கைப்பிடி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கறுத்துக் கையோடு ஒன்றிவிடும்.

இக்கைப்பிடிக்கு நிறமூட்டலாமா, மெருகுப் பூச்சுப் பூசலாமா, அன்றி உள்ளபடியே விட்டுவிடலாமா என்பது கையாற் கோல் செய்வோரிடையே ஓயாத வழக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இஃது அற்ப விடயமாகத் தோன்றும். ஆயின் ஒரு நல்ல கோலைச் செய்து முடிப்பதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் செல்கின்றன. அத்தனை உழைப்பும் ஒரு மாலைப்பொழுதில், ஒரு சாயப் புட்டியினாலும் ஒரு தூரிகையினாலும் கெட்டுப் போவதுண்டு.

இங்கே கோல் என்பது குளக்கரைகளிற் சிறுவர் பிடிக்கும் கம்பு அன்று. மூங்கிலை ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, அவற்றை அறுகோணமாக ஒட்டி, நுனியை ஊசி போல மெலிவித்துச் செய்யப்படும் கோல் அது. அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி என்பவர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்நாட்டில் இவ்வகைக் கோல்களைச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். பின்னர் ஹைரம் லெனார்ட் என்பவர் அதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். இறகினாற் கட்டிய செயற்கைப் பூச்சியை ஆற்று நீரின்மேல் மெல்ல விழவிட்டு, டிரவுட் மீனை ஏமாற்றிப் பிடிப்பதற்கு உரியது இக்கோல். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஓடும் குளிர்ந்த ஓடைகளில் ஆங்கிலேயர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டபோது, இத்தகைய கோல்களும் அவர்களோடு மலையேறின.

பூச்சித் தூண்டில் வீசுபவர் ஒரு நாளிற் பல நூறு முறை கோலை முன்னும் பின்னும் அசைக்கின்றார். பெருவிரல் கைப்பிடியின் மேற்புறத்தில் அழுந்தி நிற்கும். டிரவுட் மீன் பூச்சியைக் கவ்வும் அந்த நொடி பலவேளைகளிற் கண்ணுக்குத் தெரிவதில்லை; கோலினூடே வரும் ஒரு சிறு துடிப்பாகக் கைக்குத்தான் தெரியும். ஆகவே கைப்பிடி என்பது பிடிப்பதற்கு மாத்திரம் உரியதன்று. அது செய்தி கொண்டுவரும் வாயிலுமாகும். நீரின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்த எடையுள்ளது தக்கை. குளிர்ந்த காலையில் அது கையைச் சுடுவதுமில்லை, குளிர்விப்பதுமில்லை. நனைந்தாலும் வழுக்குவதில்லை. 1950ஆம் ஆண்டில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது, குவாங்டொங் மாகாணத்திலிருந்து வந்த நல்ல மூங்கில் அங்கே கிடைக்காது போயிற்று. கண்ணாடி நாராற் செய்த கோல்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. 1970களிற் கரிநார்க் கோல்கள் வந்தன. கோலின் பொருள் இவ்வாறு இருமுறை மாறியும் கைப்பிடியிலே தக்கை நிலைத்து நின்றது. அண்மைக் காலத்திற் செயற்கை நுரைப்பொருள் ஒருபால் இடம்பிடித்திருப்பினும், தக்கையை அது முற்றாக வெளியேற்றிவிடவில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசுமுன் மரத்தைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். ஏனெனில், நிறமூட்ட வேண்டிய தேவையே மரத்திலிருந்துதான் பிறக்கின்றது.

தக்கை என்பது தென்மேற்கு ஐரோப்பாவிலும் வடமேற்கு ஆபிரிக்காவிலும் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் வெளிப்பட்டை. உலகத் தக்கையிற் பாதியளவைப் போர்த்துக்கல் நாடு தருகின்றது. மரம் நட்டுச் சுமார் 25 ஆண்டுகள் காத்திருந்தே முதன்முறை பட்டையை உரிப்பர். பின்னர் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம். போர்த்துக்கலில் இது சட்டம். முதலுரிப்பு முரடானது. இரண்டாம் உரிப்பும் முழுமையாகச் சீர்ப்பட்டதன்று. மூன்றாம் உரிப்பிலேதான் நல்ல தக்கை கிடைக்கின்றது. அப்போது மரத்திற்கு வயது 43. கோடைகாலத்திற் கோடரியோடு செல்லும் கைதேர்ந்த தொழிலாளர், உள்மரத்தில் வெட்டு விழாமற் பட்டையைப் பிளந்து எடுப்பர். உரித்த மரத்திலே அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளை நிறத்தில் எழுதி வைப்பர். மரம் சாவதில்லை. உரிபட்ட அடிமரம் செந்நிறமாகிப் பின் மெல்லக் கறுத்துப் புதுப்பட்டை போர்த்துக்கொள்ளும்.

1665ஆம் ஆண்டிலே ரொபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினார். தேன்கூடு போன்ற சிற்றறைகளைக் கண்டு அவற்றுக்கு இட்ட பெயரே இன்று உயிரியலிற் கலம் என்பதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயராயிற்று. ஒரு கன சென்ரிமீற்றர் தக்கையில் இத்தகைய கலங்கள் சுமார் 4 கோடி உள. அவற்றுள் நிறைந்திருப்பது காற்று. அவற்றின் சுவர்களில் மெழுகுத்தன்மையான பொருள்கள் படிந்திருக்கின்றன. நீரைத் தக்கை உறிஞ்சாமைக்குக் காரணம் அதுவே. சாயத்தை அது எளிதில் ஏற்காமைக்குக் காரணமும் அதுவே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, எந்தத் தக்கையும் குறையற்றதன்று. மரம் காற்று வாங்குவதற்கென அமைந்த பட்டைவாய்கள் தக்கையினூடே சிறு குழிகளாக ஓடுகின்றன. குழி குறைந்த முதல்தர வளையங்களை வணிகர் ‘ஃப்ளோர்’ என்பர். போர்த்துக்கேய மொழியில் அச்சொல்லுக்குப் பூ என்பது பொருள். அந்தப் பூ அரிது. சிறந்த பட்டையிற் பெரும்பகுதி மதுப் போத்தல்களின் வாய்க்கே போய்விடுகின்றது. எஞ்சியதிலிருந்து, ஒன்றேகால் அங்குல விட்டமும் அரை அங்குலத் தடிப்பும் உள்ள வளையங்களிற் பதின்மூன்று, அதிலும் குழியில்லாதனவாகத் தெரிந்தெடுப்பதென்றால் கோல் செய்பவரின் பணப்பை இளைத்துவிடும். ஆதலால் நடுத்தர வளையங்களை வாங்கிக் குழிகளை நிரப்பி, நிறமூட்டி, ஒப்பேற்றும் பழக்கம் வளர்ந்தது. சாயப் புட்டி கைவினைஞரின் மேசைக்கு வந்த வழிகளுள் முதன்மையானது இதுவே. கறுத்த மூங்கிற் கோலுக்கு வெளிறிய கைப்பிடி பொருந்தவில்லை என்று கருதி நிறமூட்டுவோரும், அழுக்கு வெளித்தெரியாதிருக்க வேண்டும் என்று நிறமூட்டுவோரும் உளர்.

வேலை நடக்கும் முறை இது. வளையங்களின் நடுத் துளைகளைக் கோலின் அடிப்பாகத்தில் அல்லது ஓர் இரும்புக் கம்பியிற் கோத்து, நீர்பட்டாலும் விடாத பசையை இடையிற் பூசி, இறுக்கிப் பிணித்து ஒரு நாள் விடுவர். பின்னர் கடைசற்பொறியிற் சுழலவிட்டு, 80ஆம் இலக்கத்து முரட்டு அரத்தாளில் தொடங்கி, 120, 220 என ஏறி, 400இல் முடித்து வடிவமைப்பர். உளியைத் தொடாமல் அரத்தாள் ஒன்றினாலேயே முழுவடிவத்தையும் கொண்டுவருவோர் பலர். தக்கை அவ்வளவு மென்மையானது. அந்தத் தூசு அறையெங்கும் பறக்கும். போர்த்துக்கலின் தக்கைத் தொழிற்சாலைகளில் தூசினால் வரும் நுரையீரல் நோய்க்குத் தனிப்பெயரே உண்டு. வீட்டிற் செய்பவரும் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்வது நன்று.

அத்தூசைக் கொட்டிவிடாது சேர்த்து வைப்பர். அதனைப் பசையோடு குழைத்துக் குழிகளில் அப்பி, உலர்ந்தபின் தேய்த்து மட்டமாக்குவர். கேட்பதற்கு எளிது. தக்கைத் தூசு பசையோடு சேர்ந்ததும் தாய்த்தக்கையைவிடக் கறுத்துவிடும். ஆதலால் வெளிறிய மரநிரப்பியையும் சிறிது கலக்கவேண்டும். எப்பொக்சி போன்ற கடும் பசையைப் பயன்படுத்தினால் வேறோர் இடர் உண்டு: அரத்தாள் மென்மையான தக்கையைத் தின்னும், கடினமான நிரப்பியைத் தின்னாது. வேலை முடிந்தபின் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும், விரலால் தடவினால் ஒவ்வொரு நிரப்பலும் சிறு பருவாகத் தட்டுப்படும். கண்ணை ஏமாற்றலாம், மீன்பிடிப்பவரின் பெருவிரலை ஏமாற்றுவது அரிது.

இந்நிலையிற் கைவினைஞர் சாயத்தை எடுக்கின்றார். இந்தச் சாயம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது புதியவர் பலரின் நம்பிக்கை. நடப்பது நேர்மாறானது. தக்கையின் கலச்சுவர் சாயத்தை விலக்குகின்றது. அரத்தாளினால் திறந்துவிடப்பட்ட மேற்பரப்புக் கலங்கள் மட்டும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் போல அதனைத் தாங்கி நிற்கின்றன. குழிகளின் சுவரோ சாயத்தை ஆவலோடு குடித்து மற்ற இடங்களைவிடக் கறுத்துவிடுகின்றது. நிரப்பியில் உள்ள பசை சாயத்தைச் சிறிதும் ஏற்பதில்லை; ஆகவே நிரப்பிய இடங்கள் வெண்புள்ளிகளாகத் தலைகாட்டும். வளையங்களுக்கிடையே பசை தடித்திருந்தால், கைப்பிடியைச் சுற்றிப் பன்னிரண்டு வெளிறிய கோடுகள் அளவுகோலில் வரைந்தாற்போலத் தோன்றும். சாயம் ஏற்றும்வரை குறையற்றதாகத் தோன்றிய கைப்பிடி, ஏற்றியபின் தன் குறைகளையெல்லாம் தானே கூறத் தொடங்கும்.

இதனை அறிந்தவர் செய்யும் முறை வேறு. அவர் பசையை மிக மெல்லியதாகப் பூசி, வளையங்களை நன்றாக இறுக்குவார். நிரப்பியைக் குழைக்கும்போதே, தாம் விரும்பும் நிறத்தை அதிற் கலந்துவிடுவார். வடிவமைப்பை முற்றாக முடித்தபின்னரே சாயத்தைத் தொடுவார். நிறம் மேற்பரப்பில் மாத்திரமே நிற்பதால், பின்னர் அரத்தாள் ஒருமுறை பட்டாலும் அந்த இடம் வெளிறிவிடும். தண்ணீரிற் கரைத்த சாயத்தைவிட மதுசாரத்திற் கரைத்த சாயம் ஓரளவு நன்றாகப் பற்றுகின்றது. அதையும் நீர்த்த நிலையில், துணியால் ஒற்றி ஒற்றிப் பலமுறை ஏற்றவேண்டும். கோலின் மூங்கிலையும் உலோகப் பூணையும் ஒட்டுநாடா சுற்றிப் பாதுகாக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, எஞ்சிய வளையம் ஒன்றில் முழுமுறையையும் ஒத்திகை பார்க்கவேண்டும். அந்த ஒத்திகையை விட்டவர்கள்தாம் பின்னர் கைப்பிடியை அறுத்து எடுத்துப் புதிதாகச் செய்தவர்கள்.

அவ்வளவும் செய்து முடித்தாலும் இன்னொரு கணக்கு எஞ்சி நிற்கின்றது. மேற்பரப்பில் நிற்கும் நிறம் முதலில் தேய்வது பெருவிரல் படும் இடத்தில். ஈரக் கையிற் சாயம் இறங்கிச் சட்டையிலும் படியலாம். இதனைத் தடுக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். பூச்சுத் தடித்தால் அந்தச் சிறு கிண்ணங்களெல்லாம் மூடப்பட்டு, தக்கை தன் பிடிமானத்தை இழந்து கண்ணாடி போல வழுக்கும். ஆக, நிறம் பூச்சை வேண்டுகின்றது. பூச்சு தக்கையின் இயல்பைப் பறிக்கின்றது. அழகுக்காக எடுத்த முதல் அடி, கோலின் பயனையே தொடும் இடத்திற் கொண்டுவந்து விடுகின்றது. பழைய கைவினைஞர்களுட் பலர் தக்கையை வெறுமையாகவே விட்டதற்கு இதனைவிட வலிய காரணம் வேண்டியதில்லை. அவர்களுக்கு நல்ல தக்கை இக்காலத்தைவிட எளிதாகக் கிடைத்தது என்பதையும் நீதி கருதிச் சொல்லவேண்டும்.

பூச்சுப் பூசியே தீரவேண்டுமாயின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெயை மெல்லியதாக்கித் துணியால் தேய்த்து, மிகுந்ததை உடனே துடைத்துவிடுவது. தக்கை தேன் நிறம் கொள்ளும். துடைக்காது விட்டால் பல நாள் பிசுபிசுக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது பிறக்கும் வெப்பத்தினால் அத்துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அதனை விரித்துக் காயப்போடவேண்டும். மற்றது, பளபளப்பற்ற பொலியூரித்தேன் பூச்சை ஒருமுறை அல்லது இருமுறை மெல்லிதாகப் பூசுவது. உப்பு நீரிலும் சேற்றிலும் மீன்பிடிப்போர்க்கு இது உதவும். அழுக்கு உள்ளே இறங்காது, நிரப்பிகளும் எளிதில் உதிரா. பளபளக்கும் பூச்சைக் கடைக்காரர் விரும்புவர். கண்ணாடிப் பெட்டியில் அது நன்றாக இருக்கும்.

சாயமில்லாமலே நிறம் பெறும் வழியும் உண்டு. தக்கைத் துண்டுகளையும் கறுத்த வெளிப்பட்டைத் துண்டுகளையும் கலந்து அழுத்திச் செய்த வளையங்கள் சந்தையிற் கிடைக்கின்றன. றப்பர் கலந்த கரும்பழுப்பு வளையங்களும் உண்டு. இவற்றில் நிறம் உள்ளும் புறமும் ஒன்றே. எவ்வளவு தேய்த்தாலும் மாறாது. சாதாரணத் தக்கையைவிட இவை பாரமானவை, கடினமானவை. கைப்பிடி முழுவதையும் இவற்றாற் செய்தால் கை சோர்ந்துவிடும். இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக வைத்தால், அடிபட்டு உடையும் ஓரங்களுக்கு அவை காவலாகும், அழகுமாகும். நெருப்பினால் தக்கையைப் பொசுக்கி நிறமேற்றுவோரும் சிலர். தக்கையைக் கரித்துப் பெறும் கறுப்பை ஓவியர் ‘ஸ்பானியக் கறுப்பு’ என்று வண்ணமாக வழங்கியதுண்டு. கைப்பிடியிலோ அக்கரி விரலில் ஒட்டிக்கொள்ளும். நன்கு துடைத்தபின் எஞ்சும் பழுப்பு மாத்திரமே பயனுடையது.

இங்கே வாங்குவோர் சார்பில் ஒரு சொல். தாழ்ந்தரத் தக்கையின் குழிகளை நிரப்பி, நிறமூட்டி, பூச்சுப் பூசி, ஃப்ளோர் வளையங்களின் விலைக்கு விற்பது வாணிகத்தில் இல்லாத செயலன்று. ஒரு பருவம் மீன்பிடித்தபின் நிரப்பிகள் உதிர்ந்து, கைப்பிடி அம்மை கண்ட முகம்போல் ஆகிவிடும். நிறமூட்டுவது குற்றமன்று. இன்ன தக்கை, இவ்வாறு நிரப்பியது, இவ்வாறு நிறமூட்டியது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கியவருக்கு மனக்குறை ஏற்படுவதில்லை. புதிய கோலின் கைப்பிடியிற் சுற்றிவரும் மெல்லிய பிளாஸ்திக் உறையை, புதுமை கெடாதிருக்கட்டும் என்று நீக்காமல் வைத்திருப்போரும் உளர். அதனுள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துப் பசையையும் கெடுத்துவிடும். உறையை முதல் நாளிலேயே கிழித்துவிடவேண்டும்.

நிறமூட்டும் கலை தன் முழுத் திறமையையும் காட்டவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது புதிய கோல் அன்று, பழைய கோல்.

ஐம்பது அறுபது ஆண்டு மீன்பிடித்த கோலொன்று பழுதுபார்ப்பவர் கைக்கு வருகின்றது. கைப்பிடி ஏறக்குறையக் கறுத்திருக்கின்றது. நடுவில் ஒரு வளையம் உடைந்து பாதி போய்விட்டது. பெருவிரல் படும் இடத்தில் சிறு பள்ளம். கொண்டுவந்தவர் அதன் முதற்சொந்தக்காரரின் மகன். புதிதுபோல ஆக்கித் தரும்படி கேட்கின்றார். அரத்தாளை எடுத்துக் கால்மணி நேரம் தேய்த்தால் வெளிறிய தக்கை வெளிப்பட்டுவிடும், பணமும் வந்துவிடும். அந்தப் பள்ளமும் கறுப்பும் போய்விடும். பின்னர் எந்தச் சாயத்தாலும் அவற்றை மீட்க இயலாது.

தொழில் அறிந்தவர் இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரம் கலந்து, மென்துணியால் மெல்லக் கழுவுவார். பழுப்பு நீர் இறங்கும். மேலழுக்கு நீங்கி, கையெண்ணெயும் வியர்வையும் ஊறிய நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். உடைந்த வளையத்தைச் சுரண்டி எடுத்து, புதிய வளையமொன்றை இரண்டாகப் பிளந்து, தண்டின் இருபுறமும் பொருத்தி ஒட்டி, அயல் வளையங்களைத் தொடாமல் அதை மாத்திரம் தேய்த்து மட்டமாக்குவார். இப்போது கறுத்த கைப்பிடியின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை நிற்கும். மதுசாரச் சாயத்தை மிக நீர்ப்பித்து, முதலில் மஞ்சள் கலந்த பழுப்பு, பின்னர் செம்பழுப்பு, பின்னர் சிறிது கறுப்பு என ஒவ்வொன்றாக ஒற்றி, ஒவ்வொருமுறையும் உலரவிட்டுப் பகல் வெளிச்சத்திற் பார்ப்பார். விளக்கொளி நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும். அயல் வளையங்களைவிட ஓரிழை வெளிறியிருக்கும்போதே நிறுத்திக்கொள்வார். பூச்சு எதுவும் பூசமாட்டார். அடுத்த பருவத்திற் கோலைப் பிடிக்கும் கையின் எண்ணெய் அந்த வேறுபாட்டை மெல்ல அழித்துவிடும் என்று மகனிடம் சொல்லி, அரத்தாள் தொடாத அந்தப் பெருவிரற் பள்ளத்தோடு கோலைத் திருப்பிக் கொடுப்பார்.